இறங்கி நடப்பவருக்காகப் பிறந்த ஷூ

திருவில்லிபுத்தூரில் சைக்கிளோடு நிற்பவருக்கு இரண்டு வழி உண்டு. தெற்கே திரும்பினால் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை என்று மலையைத் தாண்டிக் கொல்லம் வரைக்கும் தார் விட்டுப் போகாத சாலை அது. மேற்கே திரும்பினால் எட்டுக் கிலோமீட்டர் சுமாரில் செண்பகத்தோப்பு. மாந்தோப்பும் தென்னந்தோப்புமாகப் போகிற குறுகலான ரோடு, மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி, அதற்கு அப்பால் உருண்டைக் கல் கிடக்கும் காட்டாறு, காட்டழகர் கோயிலுக்கு ஏறும் பாதை.

கியர் சைக்கிள் வாங்கி ஆறேழு மாதம் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் அடுத்துக் கேட்பது ஷூவைப் பற்றித்தான். ரோடு ஷூ வாங்குவதா, எம்.டி.பி. என்கிற மவுண்டன் பைக் ஷூ வாங்குவதா? பெரும்பாலும் வண்டியைப் பார்த்துத்தான் பதில் வருகிறது. ரோடு பைக் என்றால் ரோடு ஷூ, மவுண்டன் பைக் என்றால் மவுண்டன் ஷூ. இந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஷூவின் அடியில் கிளீட் என்ற ஒரு துண்டு, பெடலில் அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுதலை. வேறுபாடு முழுவதும் அவை எங்கே, யாருக்காகப் பிறந்தன என்பதில் இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் பணத்தைத் தப்பான ஷூவில் போடாமல் இருக்கலாம்.

நம் ஊர்ச் சைக்கிளுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ரப்பர் கட்டை வைத்த பெடலோடு வந்தன. அந்த ரப்பருக்கு வெறுங்காலும் சரி, ஹவாய் செருப்பும் சரி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் காலை வைத்து ஏறியது இப்படிப்பட்ட பெடலில்தான். ஏறுகிறவர் காலில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெடல் கேட்டதில்லை. அதற்கு நான் கொடுக்கும் மரியாதை பெரியது. ஆனால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று மிதிக்கிற பந்தயக்காரருக்கு அது போதவில்லை. வேகத்தில் கால் நழுவும். நழுவாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை இடம் மாறும். காலைக் கட்டிவைத்தால் பெடலை மேலே இழுத்தும் பலம் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். அதில் கிடைப்பது சொற்பம் என்பதே என் எண்ணம். பாதத்தின் முன்மேட்டுப் பகுதி பெடலின் அச்சுக்கு மேல் அசையாமல் இருப்பதுதான் உண்மையான லாபம்.

ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு காலம் தோல் வாரால் காலைக் கட்டினார்கள். பெடலின் முன்பக்கம் ஒரு எஃகுக் கூண்டு, அதன் வழியாக ஒரு தோல் வார், வாரின் நுனியில் ஒரு பக்கிள். புறப்பட்டதும் குனிந்து வாரை இழுத்து இறுக்க வேண்டும், நிறுத்துமுன் குனிந்து தளர்த்த வேண்டும். ஷூவும் தோலால் ஆனதே. புது ஷூவை வாங்கிச் சில நாள் வெறுமனே ஓட்டுவார்கள். பெடலின் விளிம்பு தோல் அடியில் ஒரு கோட்டை அழுத்திப் பதிக்கும். அந்தக் கோட்டின்மேல் பள்ளம் வைத்த உலோகத் துண்டை ஆணி அடித்துப் பொருத்துவார்கள். ஆணி கொஞ்சம் கோணலாக இறங்கினால் முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். பெடலின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, வாரும் இறுகிவிட்டால், ஓட்டுகிறவரும் வண்டியும் ஒரே பொருள். 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்தது இந்த வார்ப் பெடலில்தான். இறுக்கிக் கட்டியபடி விழுந்தால் வண்டியோடு சேர்ந்தே விழ வேண்டும். அதையும் தெரிந்தேதான் கட்டிக்கொண்டார்கள்.

வாரில்லாமல் காலைப் பூட்ட முடியுமா என்ற யோசனை பழையது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லஸ் ஹான்சன் 1895-லேயே திருப்பிப் பூட்டும் பெடலுக்குக் காப்புரிமை எடுத்தார். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்71 என்ற பெடலை விற்றது. அதில் காலை விடுவிக்கக் கையால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். விழப்போகிற நொடியில் கை அங்கே போகுமா? போகாது. அது பரவவில்லை.

விடை சைக்கிள்காரர்களிடமிருந்து வரவில்லை, பனிச்சறுக்குக்காரர்களிடமிருந்து வந்தது. பிரான்சின் நடுவில், லுவார் ஆற்றங்கரையில், நெவேர் என்ற ஊர். அங்கே லுக் என்ற நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்கும் பூட்டுகளைச் செய்துவந்தது. அதன் தலைமை மூளை ழான் பெய்ல். பனிச்சறுக்கில் ஒருவர் விழும்போது கால் பலகையோடு மாட்டிக்கொண்டால் எலும்பு முறியும். அதனால் அந்தப் பூட்டுக்கு இரண்டு குணம் வேண்டும்: சாதாரண அசைவில் விடக்கூடாது, அளவுக்கு மீறித் திருகினால் தானே விட்டுவிட வேண்டும். கை தேவையில்லை, காலின் திருகலே சாவி. சைக்கிள்காரர்கள் பல ஆண்டுகளாகத் தேடியது இதைத்தான். பெய்ல் அதைப் பெடலுக்குக் கொண்டுவந்தார். ஷூவின் அடியில் மூன்று போல்ட்டில் பூட்டிய முக்கோண பிளாஸ்டிக் கிளீட், பெடலின் பின்பக்கம் ஸ்பிரிங். 1984-ல் பிபி65 என்ற பெயரில் அது வந்தது.

புதுப் பொருளைப் பந்தயத்தில் நம்பிப் போட ஓர் ஆள் வேண்டும். முந்தைய ஆண்டு லுக் நிறுவனத்தை வாங்கியிருந்த பெர்னார் தபி, லா வி க்ளேர் என்ற பந்தய அணியையும் நடத்தினார். அணியின் தலைவர் பெர்னார் ஈனோ. 1983-ல் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அந்த ஆண்டின் டூர் தெ பிரான்ஸையே தவறவிட்டவர். 1985 டூரில் அவர் புதுப் பெடலோடு இறங்கினார். சான் எத்தியேன் நகரில் விழுந்து மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு ஓட்டித் தன் ஐந்தாவது டூரை வென்றார். அதற்குப் பிறகு தோல் வாரின் காலம் வேகமாக முடிந்தது. அயர்லாந்தின் ஷான் கெல்லி போன்ற சிலர் மட்டும் இன்னும் பல ஆண்டுகள் வாரை விடாமல் பிடித்திருந்தார்கள்.

ரோடு ஷூவின் குணம் முழுவதும் இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. ஈனோ காலையில் வண்டியில் ஏறினால் முடிவுக்கோட்டில்தான் இறங்குவார். இடையில் டயர் பஞ்சரானால் பின்னால் வரும் அணி வண்டியிலிருந்து ஒருவர் ஓடிவந்து சக்கரத்தை மாற்றுவார். ஈனோ நடக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் கிளீட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடிப்பகுதியிலிருந்து எவ்வளவு துருத்திக்கொண்டு நின்றாலும் யாருக்கும் கவலையில்லை. பெரிதாக இருப்பது நல்லதும்கூட: அழுத்தம் அகலமாகப் பரவும், பாதம் எரியாது. சோல் கார்பனாக, மரக்கட்டை மாதிரி விறைப்பாக இருக்கலாம். இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நம் ஊர் டீக்கடை வாசலின் சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். முன்னங்கால் உயர்ந்து, குதிகால் தாழ்ந்து, பிளாஸ்டிக் வழுக்கும். தரையில் உரசிய ஒவ்வொரு அடிக்கும் கிளீட் தேயும். தேய்ந்த கிளீட்டைப் பெடல் சரியாகப் பிடிக்காது.

எம்.டி.பி. ஷூவின் கதை வேறொரு மலையில் தொடங்குகிறது. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் தமால்பாயிஸ் என்ற மலை. 1970களில் அங்கே சில இளைஞர்கள் 1930கள், 40களின் தடிமனான டயர் வைத்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலையின் மண்பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே முதல் ரீபேக் பந்தயம் நடந்தது. பின்சக்கர ஹப்பிலேயே பிரேக் இருந்த வண்டிகள் அவை. ஒரே இறக்கத்தில் ஹப் சூடேறிக் கிரீஸ் புகையாகிவிடும், திரும்ப அடைத்தால்தான் (அதுதான் ரீபேக்) அடுத்த ஓட்டம். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், டாம் ரிட்சி என்று பின்னாளில் மவுண்டன் பைக்கை உலகத்துக்குக் கொடுத்தவர்களெல்லாம் அந்தக் கூட்டத்திலிருந்தோ அதைச் சுற்றியோ வந்தவர்கள். ஜோ பிரீஸ் 1977-ல் இந்த வேலைக்கென்றே தனியாக ஃபிரேம் கட்டினார். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது.

அவர்கள் காலில் இருந்தது மலையேறும் பூட்ஸ். பெடலில் கரடிப்பொறி போலப் பற்கள், பூட்ஸின் ரப்பரை அவை கடித்துப் பிடிக்கும். மண்பாதையில் வண்டி ஓட்டுவது பாதி வேலைதான். திருப்பத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். ஏற்றம் முறுகினால் இறங்கித் தள்ள வேண்டும். ஓடை குறுக்கிட்டால் வண்டியைத் தோளில் தூக்கிக் கல் மேல் கல்லாகக் கடக்க வேண்டும். நெவேரின் பெடல் இந்த மனிதருக்கு ஆகாது. துருத்திய பிளாஸ்டிக் ஈரக் கல்லில் வழுக்கும், மண் அடைத்துக்கொண்டால் பூட்டாது, மண்ணோடு பூட்டினால் விடாது. ஒரு பக்கம் மட்டுமே பூட்டும் பெடலைக் குலுங்கும் வண்டியில் காலால் தேடித் திருப்பவும் முடியாது.

இந்த இடத்தில் ஜப்பானின் சகாய் நகரம் வருகிறது. வாளுக்கும் சமையல் கத்திக்கும் பேர்போன ஊர். அங்கே 1921-ல் ஷோசாபுரோ ஷிமானோ ஒரு பட்டறை தொடங்கி, சைக்கிளின் ஃப்ரீவீல் செய்தார். 1980களில் அந்த நிறுவனம் லுக்கின் உரிமம் பெற்று மூன்று போல்ட் பெடலைச் சாலைப் பந்தயக்காரர்களுக்குச் செய்துகொண்டிருந்தது. ஆனால் மண்பாதைக்காரருக்கு அதைச் சிறிதாக்கிக் கொடுத்தால் போதாது என்று அதன் பொறியாளர்கள் கண்டுகொண்டார்கள். கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. சாலைப் பெடல் செய்தவர்கள் பூட்டிலிருந்து தொடங்கி ஷூவுக்கு வந்தார்கள். இவர்கள் நடக்கிற ஷூவை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குள் பூட்டை எங்கே மறைக்கலாம் என்று பார்த்தார்கள்.

1990-ல் ஷிமானோ கொண்டுவந்த எஸ்.பி.டி. பெடலின் அழகு அந்த மறைவில்தான் இருக்கிறது. கிளீட் கட்டைவிரல் அகலமுள்ள ஒரு எஃகுத் துண்டு, அவ்வளவே. மூன்று போல்ட்டுக்குப் பதில் இரண்டு. ஷூவின் அடியில் ரப்பர்ப் பட்டைகளுக்கு நடுவே ஒரு குழி. கிளீட் அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும், தரையைத் தொடுவது ரப்பர். எஃகு என்பதால் எப்போதாவது கல்லில் உரசினாலும் சீக்கிரம் தேயாது. கிளீட் சிறிதானதால் பெடலும் சிறிதானது. சிறிதானதால் இரண்டு பக்கமும் பூட்டு வைக்க முடிந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் மிதித்தால் மாட்டிக்கொள்ளும். முதல் மாடலான பிடி-எம்737-லேயே ஸ்பிரிங்கின் இறுக்கத்தை எல்-கீயால் கூட்டிக் குறைக்க வழி இருந்தது. அதே 1990-ல்தான் கொலராடோவின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ மவுண்டன் பைக் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டு சேர்ந்தபோது இரண்டு போல்ட் கிளீட் அதற்கு இயல்பான காலணியாகியிருந்தது. பிறகு டைம், கிராங்க் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் சேறு தானாக உதிரும் பெடல்களைச் செய்தன. பூட்டின் வடிவம் மாறினாலும் ஷூவின் அடியில் அந்த இரண்டு துளைகளும் குழியும் மாறவில்லை.

இதே இரண்டு போல்ட்டைச் சாலைப் பந்தயத்துக்கும் கொண்டுபோக ஷிமானோ 1990களில் முயன்றது. பந்தயக்காரர்கள் ஒட்டவில்லை. அகலமான மேடையைப் பழகிய கால்கள் சிறிய எஃகுத் துண்டின்மேல் நாள் முழுக்க அழுத்த விரும்பவில்லை. கடைசியில் எஸ்.பி.டி.-எஸ்.எல். என்ற பெயரில் ஷிமானோவே மூன்று போல்ட்டுக்குத் திரும்பி வந்தது. ஆக, இரண்டு ஷூவும் தங்கள் பிறந்த இடத்தில் நியாயமானவை. ஒன்று இறங்காதவருக்கு, மற்றது இறங்குகிறவருக்கு.

இப்போது செண்பகத்தோப்புச் சாலைக்கு வருவோம். இங்கே வண்டி ஓட்டுகிறவர் இறங்காமல் திரும்புவதில்லை. சித்திரை, வைகாசியில் மாந்தோப்பு ஓரம் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்கள் கண்ணில் பட்டால் நிற்பார். சோதனைச்சாவடியில் இறங்க வேண்டும். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியிலிருந்து திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. சாவடிக்கு அப்பால் போவது வனத்துறையின் அனுமதியைப் பொறுத்தது, அனுமதி கிடைத்தாலும் நடைதான். கிளை விட்டுக் கிளை தாவும் அணிலைப் பார்க்க நிற்பவருக்கும், ஓடைக் கல்லில் கால் வைப்பவருக்கும், கோயில் வாசலில் ஷூவைக் கழற்றி மாட்டுபவருக்கும் ரோடு ஷூ உபத்திரவம். வண்டி ரோடு பைக்காகவே இருக்கட்டும், இந்தச் சாலைக்கு இரண்டு போல்ட் ஷூதான் சரி. ரோடு பைக்கில் எஸ்.பி.டி. பெடலைப் பூட்ட எந்தத் தடையும் இல்லை, கிராங்கின் மரை ஒன்றேதான். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களில் பலர் மெலிந்த டயர் வண்டியில் எம்.டி.பி. ஷூ போட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். கட்டுப்பாட்டு நிலையம், பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை என்று அவர்களும் நடக்கிறவர்களே.

ரோடு ஷூவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் கிளம்பி, நெடுஞ்சாலையில் கூட்டமாகப் புளியங்குடி வரை போய் வெயில் ஏறுமுன் திரும்புகிறவர்கள், வேகத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள், டயர் பஞ்சரானால் ஒழிய இறங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று போல்ட்டின் அகலமான பிடி தரும் நிம்மதி வேறு எதிலும் கிடைக்காது. வாங்கும்போது கிளீட்டின் நிறத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பூட்டிய பிறகும் குதிகால் இடவலமாக எவ்வளவு அசையலாம் என்பதை அந்த நிறம் சொல்கிறது. லுக்கின் கியோ கிளீட்டில் சிவப்பு ஒன்பது டிகிரி, சாம்பல் நாலரை, கறுப்பு அசையவே விடாது. ஷிமானோவில் தலைகீழ்: சிவப்புதான் அசையாதது, நீலம் இரண்டு டிகிரி, மஞ்சள் ஆறு. ஒரு கம்பெனியின் பழக்கத்தில் மற்றதன் சிவப்பை வாங்கியவரின் முழங்கால் வீணாக வலிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் அசைவு கூடுதலாக உள்ளதையே எடுக்கலாம்.

எஸ்.பி.டி.யிலும் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கிறது. வழக்கமாகப் பெடலோடு வரும் எஸ்.எச்.51 கிளீட் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். எஸ்.எச்.56 பல திசையிலும் விடும், பதற்றத்தில் காலை இழுத்தால்கூடக் கழன்றுவிட வாய்ப்பு அதிகம். குறுகலான ரோட்டில் எதிரே திடீரென்று ஆடோ மாடோ வரும் நம் நிலத்துக்கு முதல் வருடம் 56 தான் நல்லது என்பேன். ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் வெயிலில் கொஞ்சம் வீங்கியிருக்கும், சைக்கிளிலும் அப்படித்தான் வீங்கும். நம் பாதங்களில் முன்பக்கம் அகலமானவை நிறைய. குறுகிய வார்ப்பில் செய்த ஷூவை, போகப் போக இளகிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். விறைப்பான சோல் இளகுவதில்லை. மிக மெல்லிய, வளைகிற சோல் உள்ள மலிவான எம்.டி.பி. ஷூவிலும் ஒரு குறை உண்டு: சிறிய கிளீட்டின் அழுத்தம் சோலைத் தாண்டிப் பாதத்தில் ஒரே இடத்தில் எரியும். கையால் வளைத்துப் பாருங்கள். விரல் பகுதி வளையலாம், கிளீட் உட்காரும் இடம் வளையக்கூடாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், மண்ணில் வண்டியைக் கட்டுப்படுத்த இன்னும் பழகாதவர்களுக்கும் இரண்டு ஷூவையும் நான் சொல்ல மாட்டேன். பற்கள் வைத்த தட்டையான பெடலும் நல்ல ரப்பர் அடியுள்ள சாதாரண ஷூவும் போதும். மரின் மலையில் அப்படித்தான் தொடங்கினார்கள்.

பூட்டும் பெடலுக்கு மாறுகிறவர்கள் ஸ்பிரிங்கை மிகத் தளர்வான அளவில் வைத்து, சுவரைப் பிடித்தபடி மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டு ரோட்டுக்குப் போங்கள். நிற்பதற்குச் சற்று முன்பே ஒரு காலைக் கழற்றிவிடுவது பழக்கமாக வேண்டும். கிளீட்டின் போல்ட்டுகளில் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு காட்டாற்றில் இறங்கி வந்தால் மணல் அந்தக் குழிக்குள் போய் உட்காரும். துரு ஏறி எல்-கீ வழுக்கிவிட்டால், தேய்ந்த கிளீட்டை மாற்ற போல்ட்டைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய பல் பிரஷ்ஷால் குழியைத் தேய்த்துக் கழுவி நிழலில் காயவைப்பது ஐந்து நிமிட வேலை.